காண்பதும் கைங்கர்யமே

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பழனி என்றவுடன் ஆஸ்திக உலகம் நினைவுகொள்வது தண்டாயுதபாணி எழுந்தருளியிருக்கும் மலைக்கோயிலையே. எனினும் அம்மலையின் நிழலில் எம்பெருமானுக்கு உரிய திருக்கோயில்களும் உண்டு. ஊரின் மேற்கு ரத வீதியில் லக்ஷ்மி நாராயணப் பெருமாளும், அண்மையிலுள்ள பாலசமுத்திரத்தில் அகோபில வரதராஜப் பெருமாளும் சேவை சாதிக்கின்றனர். திருவிழாக் காலத்தில் இங்கு வரும் யாத்திரிகர் பலர் பெருமாள் புறப்பாட்டைக் கண்ட பின், மலையேறிக் கொடைக்கானல் ஏரியையும் சோலைகளையும் கண்டு ஊர் திரும்புவது வழக்கம்.

இவ்விரண்டு காட்சிகளையும் குறிக்க அவர்கள் வழங்கும் சொற்களில் ஒரு வேற்றுமை உண்டு. ஏரியையும் மலையையும் கண்டவர், "பார்த்தோம்" என்பர். பெருமாளைக் கண்ட ஸ்ரீவைஷ்ணவர், "சேவித்தோம்" என்பர். கண்ணால் காணுதலுக்கே 'சேவை' என்று, அதாவது தொண்டு என்று, பெயரிட்ட சம்பிரதாயம் இது. காண்பவன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பவன் அல்லன். காணுதலே அவன் செய்யும் கைங்கர்யம். இக்கருத்து எத்துணை ஆழமானது என்பதைக் கோயிலிலே பிறந்து கோயிலிலே வளர்ந்த கூத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

அரங்கம் என்னும் சொல்

நாடகம் பற்றிய சொற்கள் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கருத்தின்மேல் எழுந்தவை. பண்டைக் கிரேக்கர் தம் நாடகசாலையைத் 'தியேட்ரான்' என்றனர். காணுமிடம் என்பது அதன் பொருள். நாடகத்தை 'டிராமா' என்றனர். செயல் என்பது அதன் பொருள். 'ஆர்க்கெஸ்ட்ரா' என்பது அவர்களுக்கு ஆடுகளத்தின் பெயர். ஏதென்ஸ் நகரில் அந்நாடகங்கள் டயோனிஸஸ் என்னும் தேவனுடைய திருவிழாவில் நடைபெற்றன. அத்தேவனின் பூசாரிக்கு முன்வரிசையின் நடுவே கல்லாசனம் இடப்பட்டிருந்தது. காலம் செல்லச் செல்ல அவ்விழாவும் ஒழிந்தது. பூசாரியின் ஆசனமும் வெறுமையாயிற்று. காணுமிடம் என்ற பெயர் மட்டும் உலகமெங்கும் பரவி நிலைத்தது.

தமிழில் ஆடுமிடத்திற்கு அரங்கம் என்று பெயர். அதன் இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அளவோடு கூறுகிறது. இருபத்துநான்கு விரல் நீளமுள்ள கோலால் அளந்து, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோலாக அரங்கு அமைத்தனர். 'எழினி' எனப்பட்ட திரை மூவகையாக இருந்தது. ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி. இரு பக்கமிருந்தும் வந்து பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி.

அந்த எழினியின் உறவினைக் கோயிலிலும் காணலாம். திருவாராதனத்தின்போது சந்நிதியில் திருத்திரை இடப்படுகிறது. திரை விலகும் கணத்தில், காத்து நின்ற அடியார் அனைவரும் ஒருங்கே கைகூப்புகின்றனர். நாடகசாலையில் திரை விலகினால் கைதட்டல் எழும். சந்நிதியில் திரை விலகினால் கைகள் குவியும். வேறுபாடு இவ்வளவே, ஆனால் இதிலேயே அனைத்தும் அடங்கியிருக்கிறது.

பூலோக வைகுண்டமாகிய திருவரங்கத்தின் பெயரும் இங்கே எண்ணத்தக்கது. ஆற்றின் நடுவேயுள்ள திட்டு என்பதும் அரங்கம் என்ற சொல்லுக்குப் பொருள். ஆடுகளம் என்பதும் பொருள். காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த அத்திருப்பதிக்கு முதற்பொருள் வெளிப்படை. இரண்டாம் பொருளும் பொருந்துமாறு அங்கே ஆண்டுதோறும் நடைபெறுவது அரையர் சேவை. அதனைக் காணுமுன், அங்கே கண்டருளும் பெருமானும் ஒரு கூத்தனே என்பதை அறிதல் வேண்டும்.

கூத்தனாகிய எம்பெருமான்

சிலப்பதிகாரம் தெய்வங்கள் ஆடிய கூத்துகள் பதினொன்றைக் கூறுகிறது. அவற்றுள் அல்லியம், மல், குடம் என்னும் மூன்றும் மாயவனுக்கு உரியன. கஞ்சன் ஏவிய யானையை அழித்து ஆடியது அல்லியம். வாணாசுரனோடு பொருது ஆடியது மல். அவ்வசுரன் சிறையிட்ட அநிருத்தனை மீட்கும்பொருட்டு அவன் நகர வீதியில் குடங்களை ஏந்தி ஆடியது குடக்கூத்து. பாவை என்னும் கூத்தினை ஆடியவள் திருமகள்.

ஆழ்வார்கள் குடக்கூத்தைப் பன்முறை எடுத்துப் பாடி உருகியுள்ளனர். செல்வம் மிக்க காலத்தில் அந்தணர் யாகம் செய்வதுபோல, ஆயர் குடக்கூத்து ஆடுவர் என்று உரையாசிரியர்கள் விளக்கம் தந்தனர். வேள்விக்கு ஒப்பாகக் கூத்தினை வைத்த அவ்விளக்கம் சிந்திக்கத்தக்கது. தாமிரபரணிக் கரையின் நவதிருப்பதிகளுள் ஒன்றாகிய பெருங்குளத்தில் எம்பெருமானின் திருநாமமே மாயக்கூத்தன்.

ஆகவே கோயிலில் ஆடுபவன், ஆட்டமறியாத ஒருவர் முன் ஆடுவதில்லை. ஆட்டத்தின் அருமை அனைத்தும் அறிந்த கூத்தன் முன்னே ஆடுகிறான். அங்கே முதற் காண்போன் எம்பெருமான். ஆடுபவனும் அடியான், உடன் இருந்து சேவிப்பவனும் அடியான். இந்நிலையில் உயர்ந்த இருக்கை, தாழ்ந்த இருக்கை என்ற பேச்சுக்கு இடமேது?

அரையர் சேவை

நாலாயிரத்தை மீட்டுத் தந்த நாதமுனிகள், தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்னும் இருவருக்கும் அதனை இசையோடு கற்பித்தார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. அவ்வழியில் வந்ததே அரையர் சேவை. அரையர் என்ற சொல்லுக்கு அரசர் என்பது பொருள்.

அரையர் தலையில் அணிவது கூம்பு வடிவமான குல்லாய்; அதில் திருமண்காப்பும் சங்கு சக்கரமும் விளங்கும். தோளில் பெருமாள் சாற்றிக் களைந்த மாலை, கையில் தாளம். வேறு ஒப்பனை இல்லை. முகத்திற்கு வண்ணம் இல்லை. காட்சி மாற்றம் இல்லை. பக்க வாத்தியம் இல்லை. முதலில் எம்பெருமானின் பெருமைகளை அடுக்கிக் கூறும் கொண்டாட்டம், பின்னர்ப் பாசுரத்தை இசைத்தல், அதன்பின் அபிநயம், அதன்பின் வியாக்கியானம். இசை, கூத்து, கல்வி என்னும் மூன்றும் ஒரே மனிதரிடம் ஒன்று கூடுகின்றன.

அத்யயன உத்ஸவத்தில், பகற்பத்தில், 'முத்துக்குறி' என்னும் பகுதி உண்டு. எம்பெருமான்மேல் காதல் கொண்டு மெலிந்த பரகால நாயகி, அவள் நிலை கண்டு வருந்தும் தாய், முத்துகளைக் கொண்டு குறி பார்க்கும் கட்டுவிச்சி ஆகிய மூவரையும் ஓர் அரையரே நடித்துக் காட்டுவார். மகளின் நோய்க்குக் காரணமானவன் எவன் என்பதைக் கட்டுவிச்சி கண்டு சொல்லும் வேளையில், அந்நோய் செய்தவன் அங்கேயே திருமுன் எழுந்தருளிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். குற்றஞ்சாட்டப்பட்டவனே சபைத் தலைவனாக வீற்றிருக்கும் நாடகம் இது. இதன் சுவையை அறிந்தவர் மீண்டும் மீண்டும் வருவர்.

தமிழ்நாட்டில் இன்று இச்சேவை திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய திவ்யதேசங்களில் நடைபெறுகிறது. பழனி மலைகளிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வார்க்கு ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர் அணித்தே உள்ளது.

எம்பார் காட்டிய கை

அரையர் சேவையில் காண்போர்க்கு உரிய பங்கு யாது என்பதைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியைப் பூர்வாசாரியர்கள் பாதுகாத்து வைத்துள்ளனர்.

ஒரு நாள் எம்பெருமானார் கோஷ்டியில் அரையர் பெரியாழ்வார் திருமொழியைச் சேவித்தார். கண்ணன் ஆய்ப்பாடிப் பிள்ளைகளை அச்சுறுத்தி விளையாடும் 'அப்பூச்சி காட்டுதல்' என்னும் பகுதி அது. அரையர், பிள்ளைகள் செய்வதுபோலக் கண் இமைகளை மடித்துக் காட்டி அபிநயித்தார். உடையவருக்குப் பின்னே இருந்த எம்பார், வாய் திறவாமல், தம் இரு கைகளையும் தோள்களின்மேல் வைத்துக் காட்டினார். கண்ணன் திடீரெனச் சங்கு சக்கரங்களோடு தோன்றி ஆயர் பிள்ளைகளை மருட்டினான் என்பது அக்குறிப்பு. அரையர் அதனைக் கண்டார். அடுத்த முறை அவ்வாறே அபிநயித்தார். திரும்பிப் பாராமலே உடையவர் உணர்ந்துகொண்டு, கோஷ்டியில் கோவிந்தப் பெருமாள் இருப்பதை அறிந்து வினவினாராம். கோவிந்தப் பெருமாள் என்பது எம்பாரின் திருநாமம்.

இந்நிகழ்ச்சியில் மூவரின் பெருமை விளங்குகிறது. காண்பவராய் இருந்தும் பொருளில் ஆழ்ந்திருந்தார் எம்பார். ஆடுபவராய் இருந்தும், ஒருவர் காட்டிய கையை ஏற்றுத் தம் அபிநயத்தை மாற்றிக்கொண்டார் அரையர். அக்கையைக் காணாமலே கண்டார் எம்பெருமானார். காண்பவனின் உள்ளம் விழித்திருந்தால் ஆடுபவனின் கை திருந்தும். காண்பவன் உறங்கினால் எத்துணை உயர்ந்த ஆட்டமும் பாதியாய் நின்றுவிடும்.

பொதினியின் பாணரும் குறுங்குடியின் பாணரும்

பாடுவோரையும் ஆடுவோரையும் போற்றிய பெருமை பழனிக்குச் சங்க காலத்திலிருந்தே உண்டு. அந்நாளில் பொதினி எனப்பட்ட இம்மலைநாட்டை ஆண்டவன் ஆவியர் தலைவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்த அவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். பாணரும் கூத்தரும் விறலியரும் அவன் வாயிலில் பரிசில் பெற்றனர். அப்பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்த காலத்தில் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய புலவர்கள் அவனிடம் சென்று பாடினர். அவர்கள் வேண்டிய பரிசில் பொன் அன்று. அவன் தன் மனையாளிடம் திரும்ப வேண்டும் என்பதே. அச்செய்யுட்கள் புறநானூற்றில் உள்ளன. பாடுபவன் தனக்கென ஒன்றும் வேண்டாது பிறர் துயர் தீர வேண்டிய காட்சி, இம்மலையடிவாரத்தில் நிகழ்ந்தது.

இம்மலையில் தோன்றிப் பெரியகுளம் வழியாக ஓடி வைகையைச் சேரும் ஆற்றிற்கு வராக நதி என்று பெயர். அத்திருநாமம், ஸ்ரீவராகப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிய ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறது. வராக புராணத்தில் வரும் கைசிக மாஹாத்மியமே அது. அதற்கும் நாயகன் ஒரு பாணன். தனக்கென ஒன்றும் வேண்டாத பாணன்.

மகேந்திரகிரியின் அடிவாரத்திலுள்ள திருக்குறுங்குடியில் நம்பாடுவான் என்னும் பாணர் வாழ்ந்தார். நாள்தோறும் பின்னிரவில் சென்று நம்பியைப் பாடித் திருப்பள்ளி உணர்த்துதல் அவர் நோன்பு. பிறப்பைக் காரணமாக்கி அவரை உள்ளே விட்டிலர். வெளியே நின்றே பாடினார். அவர் கண்ணுக்கு மறைவாயிருந்த கொடிமரத்தை விலகச் செய்து நம்பி காட்சி தந்தான் என்பது அத்தலத்தின் ஐதிஹ்யம்.

கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசி இரவில், பசியால் வாடிய ஒரு பிரம்மராக்ஷஸன் அவரை வழிமறித்துப் பற்றினான். "நோன்பை முடித்து வந்து உனக்கு உணவாவேன்" என்று அவர் வேண்டினார். அவன் நம்பவில்லை. அவர் பதினெட்டுச் சபதங்கள் செய்தார். திரும்பி வாராவிடில், நாராயணனை மற்றைத் தேவதைகளோடு ஒப்பக் கருதிய பாவத்தை அடைவேன் என்ற இறுதிச் சபதத்தைக் கேட்டபின்பே அவன் விடுத்தான்.

அவர் சென்று பாடினார், உடனே திரும்பினார். வழியில் ஒரு முதியவர் எதிர்ப்பட்டு, "உயிரைக் காத்துக்கொள், வேறு வழியே போ" என்றார். வாக்கை விட்டு உயிரைக் காக்க நம்பாடுவான் இசையவில்லை. அம்முதியவர் வேறு யாரும் அல்லர், குறுங்குடி நம்பியே. தன் அடியானின் உறுதியை உலகறியச் செய்ய எம்பெருமானே அன்று வேடம் புனைந்தான்.

ராக்ஷஸன் முன் வந்து நின்றபோது அவனுக்குப் பசி அடங்கியிருந்தது. வேறொரு பசி பிறந்திருந்தது. "பாடியதன் பலனைத் தா" என்று இரந்தான். நம்பாடுவான் மறுத்தார். பாதி இரவின் பலன், ஒரு யாமத்தின் பலன் என்று அவன் இறங்கி இறங்கி வந்து, கடைசியில் ஒரு பாட்டின் பலனையாவது தருமாறு காலில் விழுந்தான். கைசிகப் பண்ணில் பாடிய அந்த ஒரு பாட்டின் பலனை அவர் தந்தார். முற்பிறவியில் யாகத்தில் தவறு இழைத்து அவ்வுருவம் பெற்ற சோமசர்மா என்னும் அந்தணன் அதனால் விமோசனம் பெற்றான். வேள்வியால் கெட்டவனை வேள்வி மீட்கவில்லை. வெளியே நிறுத்தப்பட்ட பாணனின் பாட்டே மீட்டது. குலத்தைக் கண்டு அடியாரை அளப்பவர் அனைவரும் கைசிக ஏகாதசியன்று கேட்க வேண்டிய செய்தி இதுவே. அவ்விரவில் கைசிக புராணத்தை வாசிப்பது திவ்யதேசங்களில் இன்றும் உள்ள மரபு.

நோன்பாக நிற்கும் நாடகங்கள்

கூத்தினை நோன்பாகக் கொள்ளும் மனம் பிற நாட்டிலும் பிற சமயத்திலும் உண்டு. ஜெர்மனியின் மலைக்கிராமமாகிய ஓபரம்மர்கௌவில் 1633-இல் கொள்ளைநோய் பரவியபோது, நோய் நீங்கினால் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்துவதாக மக்கள் நேர்ந்துகொண்டனர். 1634-இல் தொடங்கிய அந்நாடகம் பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெற்று வருகிறது. 2020-இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளிப்போய், 2022-இல் நடந்தேறியது. நடிப்போர் அவ்வூராரே. ஜப்பானின் 'நோ' அரங்கில் எந்த நாடகமாயினும் பின்பலகையில் ஒரு பைன் மரம் தீட்டப்பட்டிருக்கும். நாரா நகரத்துக் கசுகா ஆலயத்தில் தெய்வம் இறங்கியதாகக் கருதப்படும் மரத்தின் நினைவு அது.

நம் நாட்டில் இது பழனி யாத்திரிகர் பலர் நேரிலேயே காணத்தக்கது. பாலக்காட்டுக் கணவாய் வழியே குருவாயூர் செல்வோர், இரவில் நடை சார்த்திய பின் அங்கு நடைபெறும் கிருஷ்ணனாட்டத்தைக் காணலாம். 17-ஆம் நூற்றாண்டில் சாமூதிரி மன்னர் மானவேதன் இயற்றிய கிருஷ்ணகீதியை அடிப்படையாகக் கொண்ட எட்டுக் கதைகள் அவை. மகப்பேறு வேண்டுவோர் அவதாரக் கதையையும், திருமணம் கூட வேண்டுவோர் சுயம்வரக் கதையையும் வழிபாடாக நேர்ந்து நடத்துகின்றனர். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சந்நிதியின்முன் பாகவத மேளம் நடைபெறுகிறது. வேங்கடராம சாஸ்திரி இயற்றிய பிரஹ்லாத சரித்திரத்தில் நரசிம்மமாக வருபவர் உபவாசம் இருந்தே அத்திருமுகத்தை அணிகிறார். அது அவருக்கு முகமூடி அன்று, பூஜிக்கப்படும் திருமேனி.

யாத்திரிகர்க்கு உரிய பங்கு

திருக்குறுங்குடியில் நம்பாடுவானின் வரலாறு கைசிக ஏகாதசி இரவில் நம்பியின் திருமுன்னே நாடகமாகவே நடிக்கப்பட்டு வந்தது. காலப்போக்கில் அது நலிந்தது. பாட்டும் அடவும் குறைந்தன. அதனை 1999-இல் மீட்டெடுத்தவர்கள் நாடகப் பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் ஆவர். பழனி மலைகளுக்குக் கிழக்கே, சிறுமலை அடிவாரத்துக் காந்திகிராமத்தில், 1977-இல் நடைபெற்று நவீனத் தமிழ் நாடகத்துக்குத் திருப்பமாய் அமைந்த பயிற்சிப் பட்டறையில் முன்னின்றவர்களுள் இராமானுஜமும் ஒருவர். புதிய நாடகக் கல்வி கற்ற கையே பழைய கோயில் நாடகத்தைத் தாங்கிப் பிடித்தது. கற்றவை அனைத்தும் கைங்கர்யத்திற்கு உதவும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் மீட்டவரால் மட்டும் ஒரு மரபு நிலைபெறாது. அரையர் சேவை தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் உரிமை. இன்று அது விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களை நம்பி நிற்கிறது. பரமபத வாசல் திறக்கும் வேளையில் லட்சக்கணக்கானோர் நெருக்குகின்றனர். அதற்கு முந்திய பத்து நாட்களில் அரையர் பாசுரத்திற்கு அபிநயம் காட்டும்போது, அருகே அமர்ந்து கேட்போர் மிகச் சிலரே. வாசலைக் கடக்கும் அவசரத்தில், வாசலைத் திறக்கும் பாட்டு கேட்காமல் போகிறது.

எம்பெருமான் ஒருவன் கண்டருளினால் போதாதோ என்று சிலர் வினவலாம். அவனுக்குப் போதும், அடியார்க்குப் போதாது. எம்பார் இல்லாத கோஷ்டியில் அரையரின் கை திருந்துவது எங்ஙனம்? கேட்போர் இல்லாத மண்டபத்தில் அரையரின் மகன் இக்கலையைக் கற்க முன்வருவது எங்ஙனம்? ஆடுவோர்க்குப் பெரும் பொருள் கொடுப்பது எல்லார்க்கும் இயல்வதன்று. அமர்ந்து சேவிப்பது எல்லார்க்கும் இயலும். அதற்குக் குலம் வேண்டா, செல்வம் வேண்டா. ஒரு நாழிகை பொறுமை போதும்.

ஆதலின் யாத்திரிகர் ஒவ்வொருவரும் ஒரு நியமம் கொள்ளலாம். மார்கழிப் பகற்பத்தில் ஒரு நாளேனும் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ திருவரங்கத்திலோ அரையர் சேவையை முழுமையாக இருந்து சேவிப்பது. வாழ்நாளில் ஒருமுறையேனும் கைசிக ஏகாதசி இரவில் குறுங்குடி நம்பியின் முன் விழித்திருப்பது. போகும்போது வீட்டுக் குழந்தையையும் உடன் அழைத்துப் போவது. தம் ஊர்ப் பெருமாள் கோயிலில் பாடுவார் ஒருவரே இருப்பினும், அவர் பாடி முடிக்கும்வரை எழாமல் இருப்பதும் அந்நியமத்தில் அடங்கும்.

நம்பாடுவான் ஒரு பாட்டின் பலனைத் தந்து ஓர் உயிரை மீட்டார். அப்பாட்டை இருந்து கேட்பதும் அவர் வழி நிற்றலே. மாயக்கூத்தன் கண்டருளும் அரங்கில் வேடிக்கை பார்ப்பவர் என்று ஒருவரும் இல்லை. அங்கே காண்பவர் அனைவரும் கைங்கர்யபரர்களே.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்